கோழிகள் எங்கும் போகாது

பிறம்ரன், கனடா
ஒக்ரோபர், ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள ஜஸ்ரின் அண்ணாவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். இரண்டு கோழிகளும் சுகம். போனில் நீங்கள் கதைக்கத் தொடங்கினால் என் வாயில் "ம்" தவிர வேறொன்றும் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு உங்கள் பெண்வீட்டார் வருமுன் கோழிகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னீர்கள். தீனிக்குப் போகிற காசில் முட்டையைக் கடையிலேயே வாங்கலாம் என்றீர்கள். கோடையில் அது உண்மைதான். அம்மா தீனித் தட்டை விளிம்புவரை நிரப்புவா. யாருக்கும் குறையப் போட்டுப் பழக்கமில்லாத கை அல்லவா? கோழிகள் அலகால் தள்ளித் தள்ளி, தின்றதைவிடச் சிந்தியதுதான் அதிகம். சிந்தியது மழையில் பூஞ்சணம் பிடித்தது. எலியும் வந்தது.

பாதித் தட்டுத்தான் போடவேண்டும் என்றதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அரைத் தட்டு வைச்சா அதுகள் எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?" என்று கேட்டா. நான் விடவில்லை. தட்டைக் கோழியின் முதுகு உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டேன். அடியில் தங்குகிற தூளைத் தண்ணீரில் குழைத்துக் கொடுக்கிறோம். பொழுதுபட, மிச்சத்தை எடுத்து மூடியுள்ள வாளிக்குள் வைத்துவிடுகிறோம். எலியைக் காணோம். ஒரு மூடை முந்தியைவிட எவ்வளவோ நாள் கூட வருகிறது.

எமில்டா அன்ரி உங்களுக்குச் சொன்னதும் பொய்யில்லை. தமிழ்க்கடை மரக்கறிப் பகுதியில் கழித்துப் போடுகிற கோவாவின் வெளி இலைகளைக் கோழிகளுக்காக நான்தான் கேட்டு வாங்குகிறேன். முதல்நாள் ஆட்கள் குறையும்வரை மிளகாய்த்தூள் பைக்கற்றுகளை வாசித்துக்கொண்டு நின்றேன். கடைக்கார அண்ணை சிரித்துக்கொண்டே ஒரு பெட்டி நிறையத் தந்தார். போன கிழமை அன்ரி வரிசையில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னா: "யேசுரட்ணத்தின்ர மகள் யூனிவேர்சிற்றி முடிச்சிட்டுக் குப்பை பொறுக்குது." எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான் இல்லையா, அன்ரிக்கு வலித்திருக்கும். எனக்குக் காது சுட்டது. பெட்டியை மட்டும் கீழே வைக்கவில்லை.

"ஓம் அன்ரி. அடுத்த கிழமையும் வருவன்" என்றேன்.

அவவுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அப்பாவின் செத்தவீடு முடிந்து நீங்கள் கல்கரிக்குத் திரும்பிய பிறகு, கோழிகள் வரும்வரை அம்மா பின்கதவைத் திறக்கவே இல்லை. என்னோடும் கதை குறைவு. இப்போது விடியவே ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியில் நிற்கிறா. "இதென்ன கலியாண வீடே, கொட்டிச் சிந்தித் தின்ன?" என்று கோழிகளை ஏசுகிறா. நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆகவே கோழிகளை நான் கொடுக்கப் போவதில்லை. ஆள் அனுப்பிப் பிடிக்கவும் விடமாட்டேன். நகரசபையில் அனுமதி எடுத்துத்தான் வைத்திருக்கிறோம். பெண்வீட்டார் தாராளமாக வரட்டும். கூட்டை மறைக்க நான் ஒரு துணியும் போடமாட்டேன்.

அண்ணா, உங்கள் கலியாணம் நல்லபடி நடக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். வரும்போது நல்ல குளிர்ச் சப்பாத்து கொண்டுவாருங்கள். ஒருநாள் காலையிலாவது அம்மாவோடு பின்வளவில் போய் நில்லுங்கள். ஒன்றும் கதைக்க வேண்டாம். அவ கதைப்பா.

உங்கள் தங்கச்சி,
நதீஷா