உங்கள் மச்சான் ஓடுகிறார்

சேசு மரி சூசை துணை

கல்லுமலைத் தோட்டம், கீழ்ப் பிரிவு,
ஹட்டன்.
1974 ஜூலை, ஞாயிறு

அன்புள்ள அண்ணன் இராயப்பனுக்குத் தங்கை ஜோசப்பின் எழுதுவது. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள். கோத்தகிரியில் உங்களுக்கு வேலை நிரந்தரமானதாக எழுதிய கடிதம் கிடைத்தது. மூன்று வேளையும் அடுப்பு எரிகிறது என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தை மூத்தவள் டோரீன் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள்.

இங்கே நிலைமையை மறைத்து எழுத எனக்கு வராது. கூப்பனுக்குக் கிடைக்கிற கோதுமை மா பாதியாகிவிட்டது. தோட்டத்தில் வேலையும் முழு வாரத்துக்கு இல்லை. ரொட்டித் துண்டைத் தேயிலைச் சாயத்தில் தொட்டுத் தின்ற காலம் போய், இப்போது பல வேளை சாயம் மட்டும்தான். நம் லயத்து வரிசையில் அடுத்த வீட்டுச் சோலைமலை போன மாதம் போய்ச் சேர்ந்தார். கடைசியில் காலும் முகமும் வீங்கியிருந்தது. காய்ச்சல் என்று எழுதிக்கொண்டார்கள். பசி என்று எழுத ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இந்த நேரத்தில் உங்கள் மச்சான் ஓட்டக்காரர் ஆகியிருக்கிறார். சிரிக்காதீர்கள். தினமும் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் பிந்திப் போய்க் கங்காணியிடம் ஏச்சு வாங்குகிற அதே ஆள்தான். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பால்மா வாங்கப் பணம் சேர்ப்பதற்கு, ஹட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் ஒரு தர்ம ஓட்டம் வைக்கப்போவதாகப் பங்குச் சாமியார் பூசையில் சொன்னார். ஓடுகிறவன் கடக்கிற ஒவ்வொரு மைலுக்கும் கொழும்புப் பெரிய மனிதர்கள் காசு தருவார்களாம். தோட்டத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றதும் இவர் கையைத் தூக்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சண்டை பிடித்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லாதவருக்கு மலையில் என்ன ஓட்டம் என்று கேட்டேன். புள்ளைகளுக்காகத்தானே என்று சிரித்தார். எந்தப் பிள்ளைகள் என்று நான் கேட்கவில்லை.

முதல் நாள் விடிய எழும்பி மேல் பிரிவு வழியாக ஓடினார். விடியற்காலையில் ஒருவன் லயத்தைத் தாண்டி ஓடினால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எங்கோ சாவு, கேதம் சொல்ல ஆள் வருகிறான் என்று லயமே வாசலுக்கு வந்துவிட்டது. ராக்காயியின் அண்ணன் ராகலையில் படுக்கையில் கிடக்கிறார். அவர்தான் போய்விட்டார் என்று எண்ணி அவள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே தொடங்கிவிட்டாள். யாரும் சாகலக்கா, நான் சும்மாதான் ஓடுறேன் என்று இவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறார். சும்மா எவனாச்சும் ஓடுவானா என்று அவள் நன்றாக ஏசினாளாம்.

அதிலிருந்து லயம் கண்ணில் பட்டாலே, கேதம் இல்ல, கேதம் இல்ல என்று கத்திக்கொண்டுதான் ஓடுகிறார். சின்னப் பிள்ளைகளும் அதையே கத்திக்கொண்டு பின்னால் ஓடுகிறதுகள். அந்தச் சிரிப்பும் கொஞ்ச நாளைக்குத்தான். நீ அந்தப் பக்கம் ஓடத்தானே போற என்று, கங்காணி இப்போது உண்மையான கேதத்தையும் இவரிடமே சொல்லி அனுப்புகிறார். போன கிழமை ஒரு பச்சைப் பிள்ளை இறந்த செய்தியை அதன் தாத்தா பாட்டிக்குச் சொல்லப் போனார். வழக்கம்போல ஓடுகிறார் என்று நினைத்து, அந்த வீட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்களாம். இதைச் சொல்லிவிட்டு என் முன்னால் உட்கார்ந்து அழுதார்.

ஓட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து சனிக்கிழமை தோறும் கோயிலிலிருந்து ஒரு டின் பால்மாவும் முட்டையும் கொண்டுவருகிறார். பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குச் சாமியார் கொடுக்கிறார் என்றார். நானும் நம்பினேன். நீங்கள் ரயில் ஏறும்போது சின்னவன் அமிர்தநாதன் கைப்பிள்ளை. அதற்குப் பிறகு அவன் துவண்டுபோய்க் கிடந்தான், உங்களுக்கு எழுதவில்லை. பால் வயிற்றுக்குள் போகத் தொடங்கிய பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கிறான், அண்ணே.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் என்னைக் கூப்பிட்டார். ஓடுகிறவர்களுக்குத் தெம்பு வேண்டும் என்றுதானே பால்மாவும் முட்டையும் கொடுக்கிறோம், உன் புருஷன் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, ஆள் இளைத்துக்கொண்டே போகிறாரே என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. சாப்பிடுறாருங்க சாமி என்று கோயில் வாசலிலேயே பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னால் இவரை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் போடுவார்கள். டின்னும் அந்த ஆள் வீட்டுக்குப் போய்விடும்.

அன்று மத்தியானம் அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அமுக்கிப் பார்த்தேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. சோலைமலைக்கும் இப்படித்தான் தொடங்கியது. ஓடி ஓடிக் கால் தடித்துவிட்டது என்று கேலி பேசினார். இனி ஓட வேணாம், அந்தப் பால நீங்க குடிங்க என்றேன். சுவரைப் பிடித்து நின்ற பிள்ளையைக் கையால் காட்டினார். மறுநாள் காலை அவருக்கும் ஒரு கோப்பை கலக்கி வைத்தேன். அதை டோரீனிடம் கொடுத்துவிட்டு ஓடப் போய்விட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஆனால் டோரீன் கையிலிருந்து அந்தக் கோப்பையை நானும் பிடுங்கவில்லை.

ஓட்டம் மே மாதம் என்றார்கள், பிறகு ஜூலை என்றார்கள். மழையில் ரோட்டில் மண் சரிந்து கிடப்பதால் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிவிட்டதாக இன்றைக்குச் சாமியார் அறிவித்தார். அதுவரை பயிற்சியை விட வேண்டாம், சாப்பாட்டுச் சாமான் வழக்கம்போலக் கிடைக்கும் என்றார். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் சிலுவை போட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள், ஆண்கள் பக்கத்தில் இவர் நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்திருப்பதைக் கண்டேன்.

ஓட்டத்தை விடச் சொல்லி மச்சானுக்கு நாலு வரி எழுதுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இப்போது அதைக் கேட்க மனம் துணியவில்லை. அவர் விட்டுவிட்டால் பிள்ளைக்கு நான் எதைக் கலக்கிக் கொடுப்பேன்?

வேளாங்கண்ணித் திருநாளுக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். மாதாவுக்கு முன்னால் எங்களுக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள். ஓட்டம் சீக்கிரம் முடிய வேண்டும் என்றும் கேட்க வேண்டாம், இன்னும் தள்ளிப்போக வேண்டும் என்றும் கேட்க வேண்டாம். கட்டியவரின் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. நீங்கள் சொல்லலாம். அவர் பெயரை மட்டும் சத்தமாகச் சொல்லிவிட்டு வாருங்கள், அண்ணே. மாதாவும் ஒரு பிள்ளையை வளர்த்தவள்தானே.

உங்கள் தங்கை,
ஜோசப்பின்