பந்தை மடியில் வைத்திருப்பவர்

பிப்ரவரி 9, ஞாயிறு

கோதுமைக் கப்பல் துறைமுக வாயிலில் தரைதட்டி நின்ற வருடம் அது. மண்ணெண்ணெய் வரிசையில் நின்று நின்று என் சின்னக்கா மயங்கி விழுந்ததும், புதுப் பாலத்தின் ஒரு கால் மழையில் சாய்ந்ததும் அதே வருடம்தான். அந்த வருடக் கடைசியில்தான் கொக்கி எங்கள் கால்பந்து கிளப்பை விட்டுப் போனார்.

அது எந்த வருடம் என்று கிளப் செயலாளர் கேட்டதற்கு இப்படித்தான் பதில் சொன்னேன். அவர் போனில் எதையோ தேடி ஓர் எண்ணைச் சொல்லி, சரியா ஐயா என்றார். எண்ணெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? எழுதப் படிக்கத் தெரியாதவன். இதைக்கூட நான் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். போன மாதம் பால் அடுப்பில் இருப்பதை மறந்து வெளியே போய்விட்டேன், பாத்திரம் கருகிவிட்டது. டாக்டர், தினம் நடந்ததைச் சொல்லி எழுதிவையுங்கள், மறதி எந்த அளவு என்று பார்க்கலாம் என்றார். மகன் அன்றிலிருந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறான்.

கிளப்புக்கு நூறு வயதாகிறதாம். மைதானத்தின் வெளிச்சுவரில் இரண்டு மாடி உயரத்துக்குக் கொக்கியின் முகத்தை வரையப் போகிறார்கள். துறைமுகத்தில் கிரேன் கொக்கியில் கயிறு மாட்டும் வேலை பார்த்தவர், அதனால் அந்தப் பெயர். மூட்டை தூக்குகிறவர்களைச் சேர்த்து, கரி கொட்டிக் கிடந்த இடத்தைச் சமன் செய்து கிளப்பை ஆரம்பித்தவர் அவர்தான். என் காலத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய தனிப் படம் ஒன்றும் இல்லை. முதல் ஃபைனலுக்கு மறுநாள் எடுத்த குழுப் படம் ஒன்றுதான் இருக்கிறது. செயலாளர் அதைப் போனில் காட்டி, இதில் கொக்கி யார் என்றார்.

நடுவில் உட்கார்ந்து மடியில் பந்து வைத்திருக்கிறாரே, அவர்தான் என்றேன். பட்டென்று சொன்னேன். மகனும் பக்கத்தில் இருந்தான்.

பிப்ரவரி 10

சரியாகத்தான் சொன்னேனா?

பிப்ரவரி 12, புதன்

தப்பு. தப்பாகச் சொல்லிவிட்டேன்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற கிளப்புகளில் படம் எடுத்தால் கேப்டன் பந்தை வைத்திருப்பார். எங்களிடம் அப்படி இல்லை. எவனால் கோல் விழுந்ததோ அவன்தான் பந்தோடு உட்கார வேண்டும். கொக்கி போட்ட சட்டம். அடுத்த படம் எடுக்கிற வரைக்கும் கிளப் சுவரில் அவன் பந்தோடு தொங்குவான், வருகிறவன் போகிறவனெல்லாம் சிரிப்பான். எனக்கே அந்தக் கதி வந்தது.

அப்படியிருக்க, பந்து வைத்திருப்பவர் எப்படிக் கொக்கியாக இருப்பார்? எவனோ கோல் விட்டவன் மூஞ்சியை அல்லவா காட்டிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு மாடி உயரத்துக்கு!

செயலாளர் அனுப்பிய படத்தை மருமகளிடம் பெரிதாக்கச் சொல்லி ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லாரும் வாலிபர்கள், எல்லாருக்கும் ஒரே மீசை. நான் பார்த்த கொக்கிக்குத் தலை நரைத்திருந்தது. மருமகள் சொன்னாள்: "மாமா, எனக்கு எல்லாரும் அண்ணன் தம்பி மாதிரியே இருக்காங்க. நீங்க பொறுமையா பாருங்க." பார்த்தேன். ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து ஒருவர் நிற்கிறார். கொக்கி அப்படித்தான் நிற்பார். குமாஸ்தாக்களின் கிளப், கூலிக்காரர்களோடு ஆடமாட்டோம் என்று சொன்னபோது, பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் அப்படித்தான் நின்றாராம். கத்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் போய் நின்றார்கள். கடைசியில் அவர்களே வெட்கப்பட்டுக் கதவைத் திறந்தார்கள்.

இவர்தான். இவராகத்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 14

செயலாளரிடம் சொல்லிவிட்டேன். ஓவியர் கோடு போட ஆரம்பித்துவிட்டாராம். பரவாயில்லை ஐயா, மாற்றிக்கொள்கிறோம் என்றார். குரலில் சுணக்கம் தெரிந்தது.

சாப்பிடும்போது மகன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "இனிமே யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடுங்கப்பா." படிக்காதவனுக்கு மண்டைதான் பெட்டி. அதன் பூட்டு கழன்றுவிட்டது என்று வீட்டிலேயே பேச்சு வந்தபின் என்ன இருக்கிறது?

பிப்ரவரி 21, வெள்ளி

மருமகளுக்கு வேலையில் விடுப்பு. மைதானத்துக்குக் கூட்டிப் போனாள். சுவரில் பாதி முகம் வந்துவிட்டது. சாரத்தில் நின்றிருந்த ஓவியர் இறங்கி வந்து மரியாதையாகப் பேசினார். ஒரு சந்தேகம் பெரியவரே, எல்லாரும் பனியன் போட்டிருக்க இவர் மட்டும் கழுத்து மடித்த கம்பளிச் சட்டை போட்டிருக்கிறாரே, ஏன் என்று கேட்டார்.

அந்த நாளில் கம்பளிச் சட்டை போட்டு ஆடுகிறவர் கோல்கீப்பர். கொக்கி ஒரு நாளும் கோலில் நின்றவர் இல்லை. அந்தக் காலத்துக் கோல்கீப்பர் யார் என்று எனக்குத் தெரியும். என்னோடு ஆடிய சுக்கானுடைய அப்பா.

ஓவியருக்கு என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. (மருமகள்: "குளிருக்குப் போட்டிருப்பார்னு சொன்னீங்க மாமா.")

பிப்ரவரி 22

இரண்டும் தப்பா? இல்லை, முதலில் சொன்னது சரியா? இனி என்ன சொல்ல, யாரிடம் சொல்ல? இதைத் தெரிந்தவன் உலகத்தில் ஒருத்தன்தான் இருக்கிறான். அவனிடம் போவதற்கு—

நாளைக்குச் சொல்கிறேன். எழுதியது போதும்மா.

பிப்ரவரி 23, ஞாயிறு

சுக்கான் எங்கள் இடது விங். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவன். நான் அவனுக்குப் பின்னால் இடது பேக். கோதுமைக் கப்பல் வருடத்து ஃபைனலில் அவன் மேலே ஓடியவன் திரும்பி வரவே இல்லை. அவன் விட்ட ஆள் என் மேல் பாய்ந்து வந்தான். இரண்டு பேரை ஒருத்தன் எப்படித் தடுப்பது? கோல் விழுந்தது. மறுநாள் படமெடுக்கும்போது, பந்து யாருக்கு என்று கொக்கி கேட்டார். சுக்கான் என்னைக் கை காட்டினான். அதற்கப்புறம் அவனோடு நான் பேசியதில்லை. அவன் வீட்டுக் கல்யாணம், அவன் பெண்டாட்டி சாவு, எதற்கும் போகவில்லை.

இப்போது ஊருக்கு வெளியே மகள் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறான் என்று கேள்வி.

போனால் என்ன சொல்வான்? அவன் அப்பா முகம்தான் இப்போது சுவரில் ஏறிக்கொண்டிருக்கிறது. வேண்டாம் என்று எந்த மகன் சொல்வான்?

மார்ச் 1, சனி

போய்வந்தேன். பஸ்ஸில் இரண்டு தடவை, இறங்கிவிடலாமா என்று கேட்டேன். மருமகள் என் கையைத் தன் பைக்கு அடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

அவன் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தான். ஆள் பாதியாகிவிட்டான், வாய் மட்டும் அப்படியே. மகள் என் பெயரைச் சொன்னதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்: "பந்து புடிச்சவர் வந்திருக்காரு, நாற்காலி போடும்மா."

திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. உட்கார்ந்தேன். நடந்ததெல்லாம் சொன்னேன். முதலில் யாரைக் காட்டினேன், பிறகு ஏன் மாற்றினேன், இப்போது சுவரில் யார் என்று. அவன் வயிறு குலுங்கச் சிரித்தான், இருமல் வந்து மகள் ஓடிவந்து முதுகைத் தடவினாள்.

"டேய், எங்கப்பாவக் கொண்டுபோய் கொக்கின்னு வரைய விட்டியா? இருந்திருந்தா மனுஷன் ஊரையே கூட்டி விருந்து வெச்சிருப்பார்டா."

அப்புறம் சுவரைக் காட்டு என்றான். மருமகள் போனை அவன் முகத்தருகே பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தான். அவர்கள் வீட்டில் அப்பா படம் ஒன்றுகூட இல்லையாம், வெள்ளத்தில் போய்விட்டதாம். மூக்கு சரியா வரல என்றான். கொஞ்சம் கழித்து, இல்ல, சரியாத்தான் இருக்கு என்றான்.

நானாகவே கேட்டேன்: "அண்ணே, பந்து வெச்சிருக்கிறது யாரு?"

அவன் சொன்னது இது. முதல் ஃபைனலில் வந்த பந்தைக் கொக்கி தலையால் வெளியே தள்ளப் போய்த் தன் கோலுக்குள்ளேயே போட்டுவிட்டார். ஜனங்களுக்கு அது சரியாகத் தெரியவில்லை. பந்தை விட்டவன் கோல்கீப்பர் என்று சுக்கானின் அப்பாவைத் திட்டித் தீர்த்தார்கள், வீட்டின் மேல் கல் விழுந்தது. மறுநாள் படமெடுக்க வந்தபோது, கூட்டத்தில் ஒருத்தன் பந்தைத் தூக்கி அவரிடம் போட்டு, நேற்று விட்டதை இன்றைக்காவது பிடி என்றானாம். அப்பா தலை குனிந்து நின்றார். கொக்கி எழுந்து வந்து அந்தப் பந்தை வாங்கினார்.

"'விட்டது நான். என் மடியில இருக்கட்டும், பாக்கறவன் பாக்கட்டும்'னு சொல்லி நடுவுல உக்காந்துட்டாராம். சட்டமே அதுலேர்ந்துதான்டா வந்துச்சு. எங்கப்பா சாகுற வரைக்கும் இதத்தான் சொல்லிட்டிருந்தார்."

என் முதல் பதில் சரி. ஆனால் மூன்றாம் தடவையாக நான் போய்ச் சொன்னால் எவன் நம்புவான்? நீ ஒரு வார்த்தை செயலாளரிடம் போனில் சொல் என்று கேட்டேன். அவன் மருமகளின் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா அங்கயே கொஞ்ச நாள் இருக்கட்டும். நானே கூப்பிடறேன். அதுவரைக்கும் நீ ஒண்ணும் வாயத் தொறக்காத."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? வாசல் வரைக்கும் வந்தபிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆனா அந்த கோல் உன்னாலதான்டா."

மார்ச் 4

போன் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

செயலாளர்தான் பேசினார். முகம் முடிந்துவிட்டதாம், கீழே பெயர் எழுதுவதுதான் பாக்கியாம். சந்தோஷமா ஐயா என்றார். வாக்குக் கொடுத்தாயிற்று, என்ன சொல்ல? ம் என்றேன். என் ம் சரியில்லை என்று மருமகள் சொல்கிறாள்.

அவன் கூப்பிடாமலே விட்டால்? கூப்பிடுவதற்குள் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எதற்கு இந்த வாக்கைக் கொடுத்தேன்? கொக்கி முகம் மண்ணுக்குள் போய் எத்தனையோ காலம். நான் பேசாமல் இருந்தால் இரண்டாம் தடவையும் போகும். பேசினால் படுத்துக் கிடக்கிறவனுக்குத் துரோகம்.

சாப்பாடு இறங்கவில்லை. மகன், டாக்டரிடம் போகலாமா என்றான். மறதிக்கா, பயத்துக்கா என்று கேட்டேன். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

மார்ச் 9, ஞாயிறு

சுக்கானுடைய மகள் நேற்று மாலை அவனை டாக்சியில் படுக்கவைத்து மைதானத்துக்கே கொண்டுவந்தாளாம். செயலாளர் சொன்னார். வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. கதவைத் திறந்து வைத்து, சுவரைப் பார்த்தபடி வெகு நேரம் இருந்திருக்கிறான். ஓவியருக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கச் சொன்னானாம். பிறகு செயலாளரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்.

கடைசியாகச் சொன்னது: "இது எங்கப்பா. நல்லா வரைஞ்சிருக்கீங்க. அழிச்சிடுங்க."

செயலாளர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று தெரியவில்லை. மகன் அதை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தான்.

மார்ச் 16

சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

திறப்பு விழா. மகனே கூட்டிப் போனான், சட்டைப் பொத்தானைக்கூட அவனே போட்டுவிட்டான். கொக்கி பந்தை மடியில் வைத்துக்கொண்டு சுவர் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். வாலிப முகம். நான் பார்த்த முகம் இல்லை, ஆனால் அந்தக் கைகளை அடையாளம் தெரிந்தது.

சுக்கான் வர முடியவில்லை. மூச்சுத் திணறல், ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்.

செயலாளர் மைக்கை என் முன்னால் நீட்டினார். கொக்கி ஆடியதை நேரில் பார்த்த ஒரே மனிதர் நம்மிடையே இருக்கிறார் என்று அறிவித்தார். கூட்டம் கை தட்டியது. அவர் ஆடுவதை விட்ட பிறகு வந்தவன் நான். ஓரத்தில் நின்று கத்துகிற நரைத்த மனிதரைத்தான் எனக்குத் தெரியும். அவர் ஆடியதைக் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து, அப்பா கழற்றிக் கொடுத்த கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தவன் வேறு.

அதைச் சொன்னேன். பார்த்தவர்களில் யார் யார் போய்விட்டார்கள் என்று வரிசையாகச் சொன்னேன். விசில்காரர், கிடங்குக் காவல்காரர், என் சித்தப்பா, சோடாக்கடை அண்ணன். ஒன்றும் மறக்கவில்லை. அப்படியானால் இப்போது யார்தான் இருக்கிறார்கள் ஐயா என்று செயலாளர் கேட்டார்.

எங்கள் இடது விங் இருக்கிறான் என்றேன். பெயர் கேட்டார்கள். மைக்கில் சொன்னேன்.

சுக்கான்.