கம்பவுண்டரிடம் நான் சொன்ன பொய்

தங்கமான என் அண்ணன் செல்வராஜுக்கு,

நேற்று நரிக்குடியில் சூசை கம்பவுண்டரைப் பார்த்தேன். வலது கை முழங்கைக்குக் கீழே கோணலாகக் கூடியிருக்கிறது. இடது கையால் ஒரு பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கையை உடைத்தது நம் அப்பாவும் சித்தப்பாவும். உடைக்க வைத்தது நான்.

நீ செத்த மறுநாள் நடந்தது உனக்கு எப்படித் தெரியும்? நான்தானே சொல்ல வேண்டும்? பத்து வருஷமாக வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தேன். இன்று சொல்கிறேன், குறுக்கே கத்தாமல் கேள்.

அறுபத்தாறில் மதுரையில் உன் கழுத்துக் கழலையை அறுத்து எடுத்தார்கள். சுரப்பி போய்விட்டதால் ஆயுசுக்கும் தினம் காலையில் ஒரு மாத்திரை என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தப் புட்டியை உளுந்துப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். "அண்ணனுக்குக் கழலைன்னா தங்கச்சிக்கும் வரும்பாக. பொண்ணு கேட்டு ஒருத்தன் வாசப்படி ஏற மாட்டான்" என்றாள். கழுத்துத் தழும்புக்கும் அவளே கதை கட்டினாள். பட்டம் விட்டபோது மாஞ்சா நூல் அறுத்துவிட்டதாம். இருபத்திரண்டு வயதுத் தடியன் பட்டம் விட்டான் என்றதை அருப்புக்கோட்டை முழுக்க நம்பியது பார், அதுதான் வேடிக்கை.

நீயோ நோயாளி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று தேகப்பயிற்சிக் கொட்டகையே கதி என்று கிடந்தாய். ஆணழகன் போட்டிக்குப் பெயர் கொடுத்தாய். சதை ஏறுவதற்கு வாரம் ஒரு ஹார்மோன் ஊசி, எண்ணெய் மாதிரி இருக்கும், கம்பவுண்டர் வீட்டுக்கே வந்து போடுவதாகப் பேச்சு.

ஊசி போட அவர் வந்த முதல் நாள் நீ குளித்துக்கொண்டிருந்தாய். திருச்சுழியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கம்பவுண்டர் என்னைக் கூப்பிட்டு, "ஏந்தாயி, அண்ணன் வேற மாத்திரை மருந்து ஏதும் சாப்புடுறாகளா?" என்று கேட்டார். அடுப்படியிலிருந்து அம்மா முறைத்தாள். நான், "ஒண்ணும் இல்லண்ணே. அவுகளுக்கு ஒரு நோயும் கெடையாது" என்றேன்.

நீயும் அவரிடம் சொல்லவில்லை. என் கல்யாணத்துக்காகவா?

மூன்றாம் மாதம் உன் புஜத்துக்குச் சட்டை பற்றவில்லை. அதோடு வேறென்னவெல்லாம் வந்தது! காப்பி தம்ளர் கையில் நிற்காமல் ஆடியது. உட்கார்ந்த இடத்தில் வேர்த்துக் கொட்டியது. தூக்கமே போய்விட்டது. வண்டிமாட்டை நுகத்தடிக் குச்சியால் அடித்தாய், அது வாயில் நுரை தள்ளி மண்டியிடும் வரை அடித்தாய். நம் மிளகாய் மண்டிக்கு மூட்டை கொண்டுவந்து, விலை குறைவு என்று முனகிய பாலவனத்தத்துச் சம்சாரி மீது எடைக்கல்லை எறிந்தாய். அவர் காது கிழிந்து ரத்தம் மிளகாய் மூட்டையில் சொட்டியது.

பிறகு என் முறை வந்தது. குழம்பில் உப்புக் குறைச்சல் என்று என் கொண்டையைப் பிடித்து நிலைக்கதவில் மோதினாய். மூக்கெலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த நிமிஷம் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். பனியனுக்குள் உன் நெஞ்சு துடித்தது வெளியே தெரிந்தது. "நெஞ்சு கெடந்து அடிக்குது தாயி. நா அடிக்கலத்தா. வேற எவனோ எங் கைய வச்சு அடிக்கிறான்" என்றாய்.

அப்பா இளரத்தம் என்றார். அம்மா உடம்புச் சூடு என்று தலையில் நல்லெண்ணெயை ஊற்றினாள். நான் மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு மறுநாள் காலையிலும் உளுந்துப் பானைக்குள் கைவிட்டு உனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். ஊசி ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம். இரண்டும் ஒரே உடம்புக்குள் போகிறது என்று தெரிந்த அப்பா, அம்மா, நான் மூவரும் வாயைத் திறக்கவில்லை.

கொட்டகையில் பட்டப்பகலில் நீ தூக்கிய எடை இரும்பு உன் நெஞ்சின்மேல் விழுந்து, நீ அதற்கடியில் கிடந்தாய். இரும்பு விழுவதற்கு முன்பே உன் நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள்.

மறுநாள் கம்பவுண்டரை நம் வாசலுக்கு இழுத்து வந்தார்கள். சித்தப்பா அவர் கையை வாசற்படிக் கல்லில் வைத்து அமுக்கினார். அப்பா உன் கர்லாக்கட்டையை எடுத்தார். "ஊசி போட்ட கை இதுதானல?" என்றார். முதல் அடி விழுந்தது.

"நாங் கேட்டேன்யா! அந்தப் புள்ளகிட்டக் கேட்டேன், இல்லைன்னுச்சு!" என்று கம்பவுண்டர் அலறினார். கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா அண்ணே? "எங்கிட்ட ஒண்ணும் கேக்கல" என்றேன். அதன் பிறகுதான் இரண்டாவது அடி. எலும்பு வெளியே வந்தது அதில்தான்.

வருஷம் திரும்பியதும் திருச்சுழியில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். போன ஆனியில் என் கழுத்திலும் வீங்கியது. உன் மச்சான்தான் மதுரைக்குக் கூட்டிப் போனார். அதே மாத்திரை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு மாத்திரைதான? முழுங்கிட்டு வேலையப் பாரு." இதற்காகவா அண்ணே உன்னைப் பறிகொடுத்தோம்? மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அன்று வெறி பிடித்தவள் போலத் தலையில் அடித்துக்கொண்டேன்.

டாக்டரிடம் உன் கதையைச் சொன்னேன். "அந்த ஊசி போட்டா சிலருக்கு இந்த மாத்திரையோட வேகம் கூடிரும்மா. கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். ஊசியே தனியாக் கோவத்தையும் கெளப்பும். செத்தது இதுனாலதான்னு இப்ப அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தெரிஞ்சிருந்தா ஊசிய நிப்பாட்டி, மாத்திரை அளவையும் பாத்திருப்போம்" என்றார்.

சூசை உத்தமர் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் சீட்டில்லாமல் அவர் ஊசி போட்டது தப்புதான். ஆனால் கேட்டார். நேற்று அவர் காலில் விழப் போனேன், விலகிக்கொண்டார். "எங்கிட்ட எதுக்குத் தாயி? அருப்புக்கோட்டையில போயிச் சொல்லு. எம் மக்கள இன்னைக்கும் கொலகாரன் பிள்ளைகன்னுதான் சொல்றாக" என்றார்.

வருகிற அமாவாசை உன் திதி. அப்பா, சித்தப்பா, பங்காளிகள் எல்லாரும் வருவார்கள். சோறு பரிமாறும் முன்னால் அவர்கள் நடுவே நின்று, கம்பவுண்டர் கேட்டார், நான் இரண்டு முறை பொய் சொன்னேன் என்று சொல்வேன். தெருவுக்கும் கேட்கும்படி சொல்வேன். அம்மா வாயைப் பொத்த வந்தாலும் விடமாட்டேன். சித்தப்பா கட்டையை எடுத்தால் என் கையை நானே கல்லில் வைப்பேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவள்,
பாண்டியம்மாள்