அலுமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்

இன்று காலை மாடிப்படியில் சாம்பிராணி மணத்தது. கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த நம்மவர்கள்தான். பூசையோ, வீடு பார்க்க அதிகாரி யாராவது வருகிறாரோ தெரியவில்லை. "எங்கட ஆக்கள் இன்ஸ்பெக்டருக்கும் தூபம் காட்டுவினம்" என்று வேலை முடிந்து வந்து என்னிடம் சொல்லிச் சிரிப்பீர்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

டென்மார்க்கில் இந்த எஸ்பியர்க் நகரசபைக்காக வீடு வீடாகப் போய் ஈரமும் பூஞ்சணமும் பார்ப்பது உங்கள் வேலை. நம்மவர்கள் குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரத்தைத் துணியால் அடைத்துவிடுவார்கள். உள்ளேயே உடுப்புக் காயும், உள்ளேயே புட்டும் அவியும். சுவர் பாவம், என்ன செய்யும்?

மீன் தொழிற்சாலையில் வேலை செய்த அந்தப் பெண்ணின் வீட்டிலும் அப்படித்தான். புதுப் பெயின்ட், ஈரவாடையை மறைக்கச் சாம்பிராணிப் புகை, உங்களுக்கென்று வடையும் தேத்தண்ணியும். நீங்கள் அலுமாரியை இழுத்தீர்கள். பின்சுவர் கறுத்துக் கிடந்தது. அதை ஒட்டிய கட்டிலில் மூச்சிழுப்போடு அவளுடைய மகன். ஆட்கள் குடியிருக்கக் கூடாத வீடு என்று எழுதிவிட்டு வந்தீர்கள். "எங்கட ஆளெண்டு நம்பித்தானே கதவு திறந்தனான்" என்று அவள் அழுதாளாம். அந்த வாடகைக்கு இங்கே வேறு வீடு கிடைக்காமல், வேலையையும் விட்டுத் தூரத்து ரண்டர்ஸ் நகருக்குப் போனார்கள்.

பிறகு கோயிலில் நம்மோடு கதைப்பாரில்லை. அன்னதானப் பந்தியில் உங்கள் பக்கத்து இடம் காலியாகவே கிடக்கும். உங்கள் பெண்சாதி என்று என் பக்கத்திலும் ஆளில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீங்களோ சோற்றைப் பிசைந்தபடி, "கதைக்காட்டிப் போகட்டும். அந்தப் பெடியனுக்கு இப்ப எப்பிடியாம்?" என்பீர்கள். யாரிடம் போய் விசாரிப்பது? கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையே கேட்டீர்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவள் வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரண்டர்ஸுக்குப் போனாப் பிறகு பெடியனுக்கு இழுப்பே வரேல்லை அக்கா. அண்ணையிட்ட ஒருக்காச் சொல்லோணும் எண்டுதான் இருந்தனான். வெக்கமாக் கிடந்தது" என்றாள். அவள் அழுவதைப் பார்க்க முடியாமல், "அவருக்குத் தெரியும், பிள்ளை" என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு எங்கே தெரியும்? நீங்கள் கேட்டதற்குப் பதில், நீங்கள் போன பிறகுதான் வந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பஸ்ஸில் போகும்போதும், கடையில் நிற்கும்போதும் வாய்க்குள் வந்து நிற்கிறது. இஞ்சாருங்கோ, பெடியன் நல்லா மூச்சு விடுறான்.