சிங்க் ஓரத்துப் பாயிண்ட்

தம்பி,

சாவி செருப்பு அலமாரி மேல் இருக்கிறது. பத்து மணிக்கு எலக்ட்ரீஷியன் வருவார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் கதவைத் திறந்துவிடு.

சமையல் மேடை முன்னால் எங்கே நின்றாலும் இரண்டடிக்குள் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டுமாம், ஒயர் அடுப்பைத் தாண்டக் கூடாதாம். ஈரக் கை பட்டாலும் கரண்டைச் சட்டென்று நிறுத்தும் ஸ்விட்சும் போடுவார். அம்மாவைக் கொண்டுபோன அந்த சிங்க் ஓரத்துப் பாயிண்டை இன்று மூடிவிடுவார்.

அதில் இன்னமும் அம்மா மாதிரியே விடியற்காலையில் கெட்டில் போடுவது நீதான் என்று நேற்றுக் கத்தினேன். "நான் தொடவே இல்லக்கா, நீதான் போடற" என்று நீயும் கத்தினாய்.

நீ கதவை அறைந்துவிட்டுப் போனதும் எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டேன். "அதுல கரண்டே வராதும்மா. உங்கம்மா தவறின அன்னிக்கே நான்தான் ஒயரை வெட்டி விட்டேன்" என்றார்.

உன்மேல் தப்பில்லை. என்மேலும் இல்லை.

மதியச் சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

அக்கா

இடமில்லை, நெருக்கி எழுதுகிறேன்: கெட்டில் இன்றைக்கும் சூடாகத்தான் இருந்தது. நான் ஒரு டம்ளர் குடித்தேன். உன் பங்கு உள்ளே இருக்கிறது. அவர் வருவதற்குள் குடித்துவிடு.