புளி போட்டு மினுக்கிய அரை டொலர்

13.3.1982, சனி

கப்பலில் வேலை செய்யும் தம்பி தந்த இரண்டு அமெரிக்க அரை டொலர் காசுகளையும், மகளுக்குக் கொலுசு செய்ய, பரந்தனில் நகை செய்யும் பத்தரிடம் கொண்டுபோனேன். குத்துவிளக்கு மினுக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டு நன்றாகத் தேய்த்திருந்தேன்.

பத்தர் தராசைத் தொடவேயில்லை. காசுகளின் ஓரத்தையும் ஆண்டையும் மட்டும் பார்த்தார். ஒன்றின் ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடியது.

"இதுக்குள்ளை செம்பு. மற்றது அறுபத்துநாலாம் ஆண்டுக் காசு, நல்ல வெள்ளி" என்றார். என்ன கண் அந்த மனிதருக்கு!

பிறகுதான் கேட்டார். "பிள்ளை, ஆர் இதை மினுக்கினது?"

"நான்தான்."

"காசு சேர்க்கிற ஆக்கள் மினுக்கினதைத் தொடமாட்டினம். அழுக்கோடை இருந்திருந்தா வெள்ளி விலையைவிடக் கூடக் குடுத்திருப்பினம். நானும் உருக்க விட்டிருக்கமாட்டன்."

வாய் திறக்காமல் உருக்கிக் கூலி வாங்கியிருக்கலாம் அவர். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான், "இப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டார். வெள்ளிக் காசை உருக்கச் சொன்னேன்.

இனிமேல் காசை அழுக்கோடு கொண்டுவரச் சொல்லித் தம்பிக்கு எழுத வேண்டும். கப்பல் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்.

பக்கத்தில் மகள் நித்திரையிலும் கால் உதைக்கிறாள். நான் தேய்க்காமல் விட்டிருந்தால் இந்தக் கால்களுக்குக் கொலுசே இல்லை.