மூழ்கிய உருண்டை

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம். பழனிசெட்டிபட்டி கம்பெனியில் என்னைத் தொட்டி வேலைக்கு மாற்றிவிட்டார்கள். சூளையில் வெந்து உப்பிய களிமண் உருண்டைகளைத் தண்ணீரில் கொட்ட வேண்டும். மிதப்பவை எடை குறைந்த பிளாக் கல் செய்யப் போகும். மூழ்குபவற்றைக் கழித்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை ஒன்று மூழ்கியது. எடுக்கக் கை விட்டேன். தானாக மேலே வந்து என் உள்ளங்கையில் உட்கார்ந்தது. கூட வேலை பார்க்கும் நாகஜோதி கை விட்டபோது மறுபடி அடிக்குப் போய்விட்டது. மூன்று தரம் பார்த்தோம். இப்போது அவள் தொட்டிப் பக்கமே வருவதில்லை.

லாரி ஓட்டும் கர்ணன் அண்ணனிடம், எங்கே எடுத்த மண் என்று கேட்டேன்.

"கண்மாய்க் கிழக்குக் கரைம்மா. ஒங்க வீட்டுக்காரரும் கண்மாயில மண்ணு அள்ளுறதக் கேள்விப்பட்டு எஸ்டேட்டுல இருந்து போன் போட்டு இதையேதான் கேட்டாக. சொன்னதும் போன வச்சிட்டாக."

அன்று பாப்பாவை நீங்கள்தான் துணியில் சுற்றி எடுத்துப் போனீர்கள். பெண்கள் வரக் கூடாது என்றார்கள். எந்த இடம் என்று நான் இதுவரை கேட்டதில்லை. இனியும் கேட்க மாட்டேன்.

அந்த உருண்டையைக் கழிவில் போட மனம் வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நாலு நாளாகியும் அதன் சூடு ஆறவில்லை.

வரும்போது ஒரு பெயர் யோசித்துக்கொண்டு வாருங்கள்.

பாப்பாவின் அம்மா